மறைந்த பள்ளித் தோழர்களைப் பற்றி என்ன எழுத வேண்டும்?

கேள்வி – 1993ஆம் ஆண்டு மேல்நிலை முடித்த ஒருவர், 2025 மார்ச் 2

பழைய மாணவர் சங்கம் கொண்டுவரும் மலரில் மறைந்தவர்களுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, பெயர், படித்த ஆண்டு, சிறிய படம் என்று பட்டியல் போட்டு, அடியில் ‘ஆழ்ந்த இரங்கல்’ என்று எழுதிவிட்டால் போதாதா? ஒவ்வொருவருக்கும் வாழ்க்கைக் குறிப்பு எழுதப் புகுந்தால், பெரிய அதிகாரியாக இருந்தவருக்கு மூன்று பக்கமும் மதுரைக் கீழமாசி வீதி மண்டியில் கணக்கு எழுதியவருக்கு மூன்று வரியும் வரும். இறந்த பிறகும் மனிதர்களுக்கு ரேங்க் போடுவதாக அது ஆகிவிடாதா?

2025 மார்ச் 2, இரவு

தம்பியின் அச்சம் நியாயமானது. ஆனால் அதற்குப் பட்டியல் தீர்வாகாது.

நம் ஊரில் ஒருவர் கண்மூடிய சில மணி நேரத்தில் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி தெருமுனைக்கு வந்துவிடுகிறது. தோற்றம், மறைவு என்று இரண்டு தேதிகள், நடுவில் ஒரு படம், கீழே மக்கள், மருமக்கள், பேரன் பேத்திகள், நண்பர்கள், ஆட்டோ நிறுத்தத்தார் என்று வருந்துவோரின் நீண்ட வரிசை. படித்து முடிக்கும்போது யார் யார் வருந்துகிறார்கள் என்பது தெரிந்துவிடும். இறந்தவர் எப்படிப்பட்டவர் என்பது தெரியாது. அடுத்த முகூர்த்த நாளுக்குள் அதன்மேல் ஒரு காதணி விழாச் சுவரொட்டி ஏறிவிடும். மலரில் ஒரு பக்கப் பட்டியல் என்பது அதே சுவரொட்டியை நல்ல தாளில் அச்சிடுவதைத் தவிர வேறொன்றும் இல்லை.

நான் சொல்ல வருவது இதுதான். இறந்தவரின் வேலை, திருமணம், கடன், நோய், கடைசி நாள் ஆகியவை குடும்பத்தாருக்குத் தெரியும். பத்து வயது முதல் பதினேழு வயது வரை, பகல் பொழுதில் அவர் எதற்குச் சிரித்தார், எதற்குப் பயந்தார், யாருக்காக அடி வாங்கினார் என்பது நமக்கு மட்டும் தெரியும். அந்தப் பங்கு நம்மிடம் இருக்கிறது; நாம் எழுதாவிட்டால் வேறு எவராலும் எழுத முடியாது. அதை மட்டும் எழுதுவதென்று முடிவு செய்தால் பதவி தானாகவே வெளியே நின்றுவிடும், ஏனென்றால் ஏழாம் வகுப்பில் எவருக்கும் பதவி இல்லை.

2025 மார்ச் 5

‘பள்ளிப் பருவத்துச் சின்னச் சின்னச் செய்திகளால் யாருக்கு என்ன பயன்’ என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். நம் ஊரிலேயே எல்லோரும் அறிந்த எடுத்துக்காட்டு இருக்கிறது.

திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன் என்ற சிறுவன், 1892இல் தந்தை இறந்தபின் மதுரைக்கு வந்து, மீனாட்சி கோயிலுக்குத் தெற்கே சொக்கப்ப நாயக்கன் தெருவில் சிற்றப்பா வீட்டில் தங்கிப் படித்தான். ஸ்காட் நடுநிலைப் பள்ளி, பிறகு அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளி. 1896 ஆகஸ்ட் 29 அன்று, தண்டனையாகக் கொடுக்கப்பட்ட ஆங்கில இலக்கணப் பாடத்தை மூன்று முறை எழுத உட்கார்ந்தவன் பாதியில் நோட்டை மூடி வைத்துவிட்டு, அண்ணனின் கல்லூரிக் கட்டணமான ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதி இரண்டு ரூபாயைக் கடிதத்தோடு வைத்துவிட்டுத் திருவண்ணாமலைக்குப் புறப்பட்டான். உலகம் அவரை ரமண மகரிஷி என்று அறியும். இவ்வளவு பெரிய வாழ்க்கையில் எனக்கு மிகவும் நெருக்கமாகத் தோன்றுவது வேறொரு செய்தி. அவன் பந்தாட்டத்திலும் மல்யுத்தத்திலும் பலசாலி. விழித்திருக்கும்போது அவனை எதிர்க்கத் துணியாத பையன்கள், அவன் ஆழ்ந்து உறங்கும் நேரம் பார்த்துத் தூக்கிக்கொண்டு போய் அடித்துவிட்டு, மறுபடி கொண்டுவந்து படுக்க வைத்துவிடுவார்களாம். காலையில் சொன்னால்தான் அவனுக்கே தெரியும். தத்துவ நூல்கள் எத்தனை படித்தாலும் கிடைக்காத ஓர் உடம்பும் ஒரு தூக்கமும் இதில் இருக்கின்றன. உடன் படித்தவர்களின் நினைவு தருவது இத்தகைய செய்தியைத்தான்.

இதற்கு மறுபுறமும் உண்டு. 1904இல் ஆகஸ்ட் முதல் நாளிலிருந்து நவம்பர் 10 வரை பாரதியார் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தற்காலிகத் தமிழாசிரியராக இருந்தார். அந்த மூன்று மாதச் சொச்சத்தை ஊர் இன்றும் பெருமையோடு சொல்லிக்கொள்கிறது, சொல்லவும் வேண்டும். ஆனால் அந்த வகுப்பில் அவர் முன்னால் உட்கார்ந்திருந்த பையன்களைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. அவர்களும் வளர்ந்து, பிழைத்து, மறைந்தவர்கள்தாம்.

2025 மார்ச் 9

யாரைப் பழைய மாணவர் என்று கொள்வது என்ற கேள்வி இன்று நேர்ப்பேச்சில் எழுந்தது. பன்னிரண்டாம் வகுப்பை முடித்தவர்கள் மட்டும் என்று சிலர் சொல்கிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. தமிழ்நாட்டில் மேல்நிலை வகுப்பே 1978இல்தான் வந்தது. அதற்கு முன்பு பதினொன்றாம் வகுப்பில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்துக் கல்லூரிக்குப் புகுமுக வகுப்புக்குப் போனவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது? அதைவிட முக்கியமானவர்கள் பாதியில் நின்றவர்கள்.

தலைமையாசிரியரின் அனுமதியோடு, 1985இல் முடித்த எங்கள் செட்டுக்குரிய சேர்க்கைப் பதிவேட்டை அவர் முன்னிலையிலேயே பார்த்தேன். நீளமான கனத்த பேரேடு, முதுகில் காடாத்துணி ஒட்டியது. சேர்க்கை எண், பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி, முன்பு படித்த பள்ளி, சேர்ந்த வகுப்பு, நீங்கிய நாள், நீங்கிய காரணம் என்று கட்டங்கள் ஓடுகின்றன. கடைசிக் கட்டத்தில் பெரும்பாலும் ‘படிப்பு முடிந்தது’ என்று இருக்கும். இடையிடையே ‘நீண்ட நாள் வராமை’ என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறது. எட்டாம் வகுப்பு வரை என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனுடைய வரியிலும் அந்தச் சிவப்பு மைதான். அவன் வராமல் போனதற்குக் காரணம் எனக்குத் தெரியும்: தகப்பனாரின் கண் மங்கிப் போனதால் புதுமண்டபத்துத் தையல் இயந்திரத்தின் முன் பதினான்கு வயதில் அவன் உட்கார வேண்டியதாயிற்று. பதிவேடு பொய் சொல்லவில்லை. அதன் கட்டத்தில் இவ்வளவுக்குத்தான் இடம் இருந்தது. மீதியை எழுதும் பொறுப்பு நமக்கு இருக்கிறது. அவனைப் பற்றித் தனியே எழுதுவேன்.

2025 மார்ச் 10

பதிவேட்டைப் படம் எடுத்துப் போடும்படி கேட்பவர்களுக்கு: போடக் கூடாது. அதில் சாதி, தகப்பனாரின் தொழில், வீட்டு முகவரி எல்லாம் இருக்கின்றன. இறந்தவருக்கு மானம் உண்டு. அவர் பிள்ளைகளுக்கு இன்னும் நிறைய வாழ்க்கை பாக்கி இருக்கிறது. பெயரையும் ஆண்டுகளையும் மட்டும் கையால் குறித்துக்கொள்ள வேண்டும். இதே காரணத்தால் குடும்பத்தார் எழுத்தில் இசைவு தரும்வரை நான் இந்தக் குறிப்புகளில் எவர் பெயரையும் இடப் போவதில்லை.

2025 மார்ச் 23

ஒருவர் இறந்துவிட்டார் என்பதை உறுதி செய்யாமல் எழுதக் கூடாது என்பதற்கு இந்த வாரம் நடந்ததே போதும். நம் செட்டில் ஒருவர் காலமாகிவிட்டார் என்று வாட்ஸ்ஆப் குழுவில் காலையில் செய்தி வந்தது. மதியத்துக்குள் மாலை போட்ட படம் வந்தது. இரண்டு பேர் இரங்கற்பா எழுதினார்கள். மாலையில் அவரே ஒரு நண்பரைத் தொலைபேசியில் அழைத்து, “நல்லா எழுதியிருக்கீங்கடா, இதையெல்லாம் என் சம்சாரத்துக்கிட்டயும் படிச்சுக் காட்டுங்க” என்று வாய்விட்டுச் சிரித்தார். மீனாட்சிசுந்தரம், சொக்கலிங்கம், அழகர்சாமி போன்ற பெயர்கள் மதுரையில் வகுப்புக்கு இரண்டு மூன்று இருக்கும். தலைப்பெழுத்தும் ஒன்றாக அமைந்துவிட்டால் குழப்பம் நிச்சயம். அன்று இறந்தவர் இரண்டு செட் முன்னால் படித்த இன்னொருவர். அவர் வீட்டார் அந்தச் சிரிப்புக்கு நடுவே எவ்வளவு தனித்து நின்றிருப்பார்கள் என்பதை நினைத்தால் மனம் வருந்துகிறது. அவருக்குரிய இரங்கல் அவருக்கு வந்து சேரவே இல்லை.

இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். எனவே சான்றிதழ் எப்படியும் இருக்கும். ஆனால் துக்க வீட்டில் போய்ச் சான்றிதழைக் கேட்பது முறையன்று. தத்தனேரி மயானத்துக்கோ மூலக்கரை மயானத்துக்கோ, பள்ளிவாசல் அடக்கத்தலத்துக்கோ, கல்லறைத் தோட்டத்துக்கோ உடன் சென்ற ஒருவரும், உறவினர் ஒருவரும் ஆக இருவர் சொன்னால் போதும். சேர்க்கை எண்ணை ஒப்பிட்ட பிறகே பெயரைச் சேர்க்க வேண்டும்.

2025 ஏப்ரல் 6

பள்ளிக் காலத்துப் பங்கு நம்மிடம் மட்டும் இருக்கிறது என்று மார்ச் 2ஆம் தேதி எழுதியதற்கு ஒரு சான்றை இன்று கண்ணால் கண்டேன்.

என்னிடம் 1985 மார்ச்சில் எல்லோரிடமும் எழுதி வாங்கிய ஆட்டோகிராப் நோட்டு இருக்கிறது. உள்ளங்கை அளவு, பக்கத்துக்குப் பக்கம் ரோஸ், மஞ்சள், இளம்பச்சை என்று நிறம் மாறும். ஓரங்களை ராமபாணப் பூச்சி அரித்திருக்கிறது. அதில் மஞ்சள் பக்கம் ஒன்றில் என் நண்பன் எழுதியிருக்கிறான்: லட்சியம் – கப்பலில் வேலை. பிடித்த உணவு – தயிர்சோறு, மோர்மிளகாய். மறக்க முடியாத நாள் – வேண்டாம், எழுதினால் நீ அழுவாய். கையெழுத்தில் எழுத்துகள் எல்லாம் வலப்பக்கம் சாய்ந்து ஓடுகின்றன; ‘கப்பல்’ என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு.

அவன் பாண்டியன் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் மெக்கானிக்காகச் சேர்ந்து, அங்கேயே வேலை பார்த்து, மூன்றாண்டுகளுக்கு முன் மறைந்தான். கூடல்நகரில் இருக்கும் அவன் மகளிடம் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். “எங்கப்பா கப்பலப் பத்தி வீட்ல ஒரு வார்த்தை பேசினதில்லையே மாமா” என்றாள். பேசியிருக்க மாட்டான். பள்ளி முடித்த ஆண்டில் கடற்படைக்கு ஆள் எடுத்தபோது நாங்கள் இருவரும் வீட்டுக்குத் தெரியாமல் போனோம். ஓட்டத்தில் அவன் முன்னால் வந்தான். கண் பரிசோதனையில் நிறப்புள்ளி அட்டையிலிருந்த எண்ணைப் படிக்க முடியாமல் திருப்பி அனுப்பப்பட்டான். அவனுக்குச் சிவப்பும் பச்சையும் பிரியாது என்பது அன்றுதான் அவனுக்கே தெரிந்தது. திரும்பி வரும் வழியில் யானைக்கல்லில் இறங்கிக் கரும்புச்சாறு குடித்தோம். “வீட்ல சொல்லிராதடா” என்றதற்கு மேல் அதைப் பற்றி அவன் பேசவில்லை.

அவள் கொஞ்ச நேரம் கழித்து, பணிமனையில் ஒயர் நிறம் பார்ப்பதற்கு மட்டும் அப்பா எப்போதும் ஒரு பையனைப் பக்கத்தில் வைத்துக்கொள்வார் என்றும், அது முதலாளித்தனம் என்று அம்மா கேலி செய்வார் என்றும் சொன்னாள். முப்பது ஆண்டுகள் ஒரே வீட்டில் இருந்தவர்களுக்குத் தெரியாத ஒன்று என்னிடம் இருந்தது. எனக்குத் தெரியாத அதன் பின்பகுதி அவர்களிடம் இருந்தது. இரண்டையும் சேர்த்து எழுதிய குறிப்புதான் மலருக்குப் போகும். நோட்டிலிருந்த பக்கத்தை வெட்டி அவளிடமே கொடுத்துவிட்டேன்.

2025 ஏப்ரல் 7

நேற்றைய குறிப்பைப் படித்த ஒரு நண்பர், ‘குடும்பம்’ என்று மொத்தமாகச் சொல்வது சரியன்று, அக்காமார்களை மறந்துவிட்டீர்கள் என்கிறார். உண்மையான பேச்சு. மனைவியும் மக்களும் அறியாத பள்ளிக் காலத்தை உடன்பிறந்தவர்கள் அறிவார்கள். அதிலும் தம்பிக்குத் தலைவாரித் தூக்குவாளியில் சோறு கட்டிக் கொடுத்த அக்காவுக்கு நம்மைவிட அதிகம் தெரியும். அந்த அக்காமார் இப்போது அறுபதைத் தாண்டி, திருமங்கலத்திலும் உசிலம்பட்டியிலும் மேலூரிலும் வாக்கப்பட்டுப் போன வீடுகளில் இருக்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது அவர்களை.

பட்டப்பெயர்களைப் பற்றியும் முடிவு செய்ய வேண்டும். நாம் எவரையும் சொந்தப் பெயரால் அழைத்ததில்லை. உடற்குறையையும் நிறத்தையும் சாதியையும் வைத்து வந்த பெயர்களை எழுதவே கூடாது. அவற்றைச் சூட்டியவர்கள் சிரித்திருக்கலாம், சுமந்தவர் சிரித்தாரா என்று நாம் கேட்டதில்லை. செயலை வைத்து வந்த பெயர்களைத் தாராளமாக எழுதலாம்.

2025 ஏப்ரல் 19

எப்படி இறந்தார் என்று எழுதுவதா வேண்டாமா? இதில் மட்டும் மலர்க் குழுவினர் எல்லோரும் எனக்கு எதிராக நிற்கிறார்கள். எழுதாவிட்டால் மறைப்பதுபோல் ஆகும் என்கிறார்கள்.

2021 மே மாதத்தை எடுத்துக்கொள்வோம். கொரோனா இரண்டாம் அலையில் நம் செட்டில் மட்டும் பலர் அடுத்தடுத்துப் போனார்கள். அவர்களைப் பற்றி யார் பேசினாலும் ஆக்சிஜன், படுக்கை, உறையில் சுற்றிய உடல், தூரத்தில் நின்று பார்த்த மகன் என்று கடைசி நாலு நாளே பேச்சாகிறது. ஐம்பத்து நான்கு ஆண்டு வாழ்ந்தவரை அந்த நாலு நாள் விழுங்கிவிடுகிறது. அவர்களில் ஒருவன் வகுப்பில் சத்தமாகப் பாடம் படிக்கச் சொன்னால் திக்குவான். ஆனால் தேசிய மாணவர் படை அணிவகுப்பில் கட்டளையிடும்போது ஒரு எழுத்துகூடத் தடுக்காது. தமுக்கம் மைதானத்தில் அவன் குரல் எதிர்ச் சாலை வரை கேட்கும். அவனுடைய ‘சாவ்தான்’ (நேராக நில்) என்ற கட்டளை என் காதில் இன்றும் இருக்கிறது. நான் எழுத விரும்புவது இதைத்தான். மறைந்த மாதமும் ஆண்டும் மேலே இருக்கட்டும். காரணத்தைக் குடும்பத்தார் எழுதச் சொன்னால் ஒரு வரியில் எழுதலாம்.

தன்னுயிரைத் தானே போக்கிக்கொண்டவர்கள் விஷயத்தில் நான் இன்னும் கண்டிப்பாக இருப்பேன். எந்த வழியில், எந்த இடத்தில் என்பது ஒருபோதும் வரக் கூடாது. ‘கோழைத்தனம்’, ‘அவசரப்பட்டுவிட்டார்’ போன்ற தீர்ப்புகளும் வரக் கூடாது. குடும்பம் விரும்பி அதைச் சொல்ல முன்வந்தால், அந்தக் குறிப்பின் கீழே 104 என்ற உதவி எண்ணையும் 14416 என்ற டெலிமனாஸ் மனநல உதவி எண்ணையும் அச்சிட வேண்டும். மலரைப் படிக்கும் ஆயிரம் பேரில் யார் எந்த நிலையில் இருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது.

2025 மே 13

நேற்று அதிகாலை அழகர் வைகையில் இறங்கினார். ஆற்றுக்குள் சல்லடம் என்ற அரைக்கால்சட்டையும் உருமா என்ற தலைப்பாகையும் கச்சையும் கட்டிக்கொண்டு, ஆட்டுத்தோல் பையில் நீர் நிரப்பித் துருத்தியால் பீய்ச்சிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தபோது, மார்ச் 9ஆம் தேதி நான் குறிப்பிட்ட, எட்டாம் வகுப்போடு நின்ற நண்பனைப் பற்றி எழுத வேண்டிய நாள் இதுவே என்று தோன்றியது. அவன் அக்காவும் மனைவியும் படித்துப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே இதை இடுகிறேன்.

கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபத்தில் கல்தூண்களுக்கு நடுவே அந்நாளில் வரிசையாகத் தையல் இயந்திரங்கள் இருந்தன. யாளியின் காலடியில் நூல்கண்டுகள் அடுக்கியிருக்கும். சித்திரை பிறப்பதற்கு இரண்டு மாதம் முன்பே அங்கே அழகருக்கு வேடம் கட்டுவோரின் கூட்டம் தொடங்கிவிடும். அவன் இடுப்புச் சுற்றளவையும் தொடை நீளத்தையும் நாடாவில் ஒருமுறை எடுத்தால் போதும். சுண்ணக் கட்டியால் கோடு போடாமலே சிவப்புத் துணியில் கத்தரிக்கோலை ஓட்டுவான். துணியை மூலைவாட்டில் மடித்து வெட்டுவதால் ஒரு சல்லடத்துக்கு ஒரு சாண் துணி மிச்சமாகும். அந்த மிச்சத்தில் சரிகை நாடா ஓரம் வைத்துக் குழந்தைகளுக்குக் குல்லாய் தைத்து, கேட்டவர்களுக்குச் சும்மா கொடுத்துவிடுவான்.

எனக்கு அந்த மடிப்பு எங்கிருந்து வந்தது என்று தெரியும். எட்டாம் வகுப்பில் கணக்கு ஆசிரியர் முக்கோணத்தின் மூன்று கோணங்களைக் கூட்டினால் 180 பாகை வரும் என்று கரும்பலகையில் நிறுவிக்கொண்டிருந்தார். இவன் நோட்டுத் தாளில் ஒரு முக்கோணத்தைக் கிழித்து, மூன்று முனைகளையும் உள்பக்கமாக மடித்து, அவை ஒரு நேர்கோட்டில் வந்து உட்காருவதை எனக்கு மேசைக்கடியில் காட்டினான். ஆசிரியர் பார்த்துவிட்டார். அடிப்பார் என்று நினைத்தோம். அவர் அந்தத் தாளை வாங்கிப் பிரித்து, மறுபடி மடித்துப் பார்த்துவிட்டு, அவனைக் கரும்பலகைக்கு அழைத்து வகுப்பு முழுவதற்கும் செய்துகாட்டச் சொன்னார். அவ்வளவு கெட்டிக்காரன் அடுத்த ஆண்டு ஜூலையில் வரவில்லை.

பின்னாளில் எங்கள் வெள்ளிவிழாக் கூடுகைக்கு நானே போய் அழைத்தேன். ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல், “நான் முடிக்கலையேப்பா, உங்க செட்டுல எப்படி வந்து நிக்கிறது” என்றான். எவ்வளவு சொல்லியும் வரவில்லை. இந்த மலரில் அவன் எங்கள் செட்டோடு நிற்பான். ஆண்டு என்ற இடத்தில் மற்றவர்களுக்குப் போலவே 1985 என்று போட வேண்டும் என்று குழுவிடம் கேட்டிருக்கிறேன். அவனுக்கு இன்னும் நான்கு வகுப்புகள் பாக்கி என்று சொல்லி மறுக்க விரும்புபவர் யாரேனும் இருந்தால் என்னோடு நேரில் பேசலாம்.

2025 மே 14

யாரும் மறுக்கவில்லை. 1985 என்றே வருகிறது.

2025 மே 25

இராணுவத்தில் இறந்தவனைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று கேட்கிறார்கள். அரசு அவனை மறக்கவில்லை என்பதால் அவசரம் குறைவு என்று நினைத்திருந்தேன். 1987 முதல் 1990 வரை இலங்கையில் இருந்த அமைதிப் படையில் ஏறத்தாழ 1,200 இந்திய வீரர்கள் இறந்தார்கள். புதுடெல்லியில் 2019இல் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவிடத்தின் கருங்கல்லில் அவர்கள் பெயர்களும் இருக்கின்றன. அவன் பெயரை அங்கே கையால் தொட்டுப் பார்த்த நண்பர் ஒருவர் எனக்குப் படம் அனுப்பியிருக்கிறார்.

ஆண்டிபட்டிப் பக்கம் வைகைக் கரையில் புலிமான்கோம்பை என்ற ஊரில் 2006இல் மூன்று நடுகற்கள் கிடைத்தன. தமிழ்பிராமி எழுத்தில் ஒன்று, கூடல் ஊர் ஆநிரையைக் கவர்ந்த பூசலில் இறந்த தீயன் அந்தவன் என்பவனின் கல் என்று சொல்கிறது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் நம் ஆற்றங்கரைக்காரர்கள் இறந்தவனுக்குக் கல் நட்டபோது பெயரையும் நிகழ்ச்சியையும் ஊரையும் பொறித்தார்கள். கல்லில் அதற்கு மேல் வெட்டுவது கடினம். தாளில் எழுதும் நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை. டெல்லிக் கல் அவன் வீரன் என்பதைச் சொல்லிவிட்டது. அவன் செல்லூரிலிருந்து ஓட்டை சைக்கிளில் தம்பியை முன்கம்பியில் வைத்து ஓட்டிவருவான். வெள்ளம் வராத நாட்களில் பாலத்தைச் சுற்றாமல் ஆற்று மணலில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு குறுக்கே நடப்பான். நனைந்த கால்சட்டையோடு முதல் பாடவேளை முழுவதும் நிற்பான். இதை எழுதக்கூடியவர்கள் அந்த வகுப்பில் இருந்த நாம்தாம். தம்பியின் முகவரி கிடைத்துவிட்டது. அவரும் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

2025 ஜூன் 8

நினைவு நாள் எது என்ற விவாதம் நீண்டுகொண்டே போகிறது. ஆடி அமாவாசை என்கிறார் ஒருவர். நவம்பர் 2 கல்லறைத் திருநாள் என்கிறார் இன்னொருவர். ஜனவரி 30 அன்று காலை 11 மணிக்குப் பள்ளியில் எப்படியும் இரண்டு நிமிட மௌனம் இருக்கிறதே, அதோடு சேர்த்துவிடலாம் என்று மூன்றாமவர். அவரவர் வீட்டில் திதியோ ஃபாத்திஹாவோ பூசையோ அவரவர் முறைப்படி நடக்கிறது. பள்ளி அதில் புக வேண்டியதில்லை. தியாகிகளின் நாளோடு இணைப்பதும் எனக்கு ஒப்பவில்லை. பள்ளி திறந்த முதல் வார சனிக்கிழமை போதும். விளக்கு, மாலை, மேடை எதுவும் வேண்டாம். குறிப்புகளில் சிலவற்றை அந்தந்த வீட்டுப் பிள்ளைகளே வாசிக்கட்டும்.

அறக்கட்டளைப் பரிசுகளைப் பற்றியும் ஒரு வேண்டுகோள். இறந்தவர் பெயரில் பத்தாயிரம் ரூபாய் வைப்புநிதி போட்டு, ஏழு விழுக்காடு வட்டியாக வரும் எழுநூறு ரூபாயைக் கணக்கில் முதல் மதிப்பெண் எடுத்த மாணவனுக்குக் கொடுக்கிறோம். ஆண்டு விழாவில் பெயரை வேகமாக வாசிக்கிறார்கள், பையன் வந்து உறையை வாங்கிக்கொண்டு போகிறான். அந்தப் பெயருக்குரியவர் யார் என்று அவனுக்குத் தெரியாது, வாசித்தவருக்கும் தெரியாது. பரிசு கொடுப்பதற்கு முன் அவரைப் பற்றி நான்கு வாக்கியங்கள் வாசிக்க வேண்டும். விழா பத்து நிமிடம் நீளும், நீளட்டும். தையற்காரன் பெயரில் வடிவியலுக்கு ஒரு பரிசு வைக்க நான்கைந்து பேர் முன்வந்திருக்கிறோம். பரிசு வாங்கும் பையன் அந்த முக்கோண மடிப்பை மேடையில் செய்துகாட்ட வேண்டும் என்று அவன் அக்கா சொன்னார், அதை ஏற்றுக்கொண்டோம்.

2025 ஜூன் 15

முதலில் கேள்வி எழுப்பிய தம்பி, ஆசிரியர்களையும் ஊழியர்களையும் சேர்க்கலாமா என்று இன்று கேட்டிருக்கிறார். ஆசிரியர்களுக்கு இந்த மலரில் இடம் போதாது. அவர்களுக்குத் தனியாக ஒரு மலர் வேண்டும், அதற்கு அடுத்த ஆண்டு உட்காரலாம். ஆனால் மணியடித்த பெரியவரையும் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தவரையும் இதிலேயே சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து. அவர்கள் எவருடைய பட்டியலிலும் வரமாட்டார்கள். மணியடித்தவர் மழைநாட்களில் கடைசி மணியை இரண்டு நிமிடம் முன்னதாக அடிப்பார் என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும்; அவர் சொந்த ஊர் சோழவந்தான் பக்கம் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. 1970க்கும் 1990க்கும் இடையே படித்தவர்களில் அவர் வீட்டாரை அறிந்தவர்கள் எழுதுங்கள். ஆய்வக உதவியாளரைப் பற்றிய குறிப்பை 1982ஆம் ஆண்டு அறிவியல் பிரிவினர் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். குறிப்புகள் ஆகஸ்ட் மாத இறுதிக்குள் வர வேண்டும். ஒரு குறிப்புக்கு இரண்டு பக்கம், அதற்கு மேல் யாருக்கும் இல்லை. படமாக வகுப்புக் குரூப் போட்டோவிலிருந்து எடுத்த முகத்தையே அனுப்புங்கள். ஆதார் அட்டைப் படம் வேண்டாம்.